"அதெல்லாம் வரும்போது பார்த்துக்கலாம்" என்கிற துணையோடு வீட்டை அவசரகாலத்துக்குத் தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒருவர் டார்ச்சும் தண்ணீர்க் கேனும் வாங்கி அடுக்க, இன்னொருவர் "என்ன, உலகம் நாளைக்கே அழியப் போகுதா?" என்று கிண்டல் செய்வது புதிதல்ல. இந்த வழிகாட்டி அடுக்குகிறவருக்கானது. அவசரகாலத்துக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்ற பட்டியல் தேடினால் எங்கும் கிடைக்கும். பட்டியல் கையில் இருந்தும் வேலை நகராமல் நிற்பதற்குக் காரணம், பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையின் "அதெல்லாம் வரும்போது பார்த்துக்கலாம்"தான்.

உங்கள் கணவரையோ மனைவியையோ உங்களைப் போலவே கவலைப்படுகிறவராக மாற்றுவது இங்கே நோக்கமல்ல. அது நடக்கவும் நடக்காது, தேவையும் இல்லை. இரண்டு பேரும் ஒரே அளவு கவலைப்பட்டால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது. அவர் நம்ப வேண்டாம். சில விஷயங்கள் அவருக்குத் தெரிந்திருந்தால் போதும், வேறு சிலவற்றுக்குத் தடை சொல்லாமல் இருந்தால் போதும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதிச் சண்டை வராது.

படி 1: கேட்கப் போவதைச் சுருக்குங்கள்

"இதையெல்லாம் கொஞ்சம் சீரியஸா எடுத்துக்க" என்பது கோரிக்கையே அல்ல. அதைக் கேட்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. பேச உட்காருவதற்கு முன்பே, துணையிடமிருந்து உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது இவ்வளவுதான்:

- மின்சார மெயின் ஸ்விட்ச், தண்ணீர் வால்வு, எரிவாயு வால்வு எங்கே இருக்கின்றன, எப்படி மூடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.
- இருவரும் வேறு வேறு இடத்தில் இருக்கும்போது ஏதாவது நடந்தால் எங்கே சந்திப்பது, வெளியூரில் இருக்கும் யாருக்குத் தகவல் சொல்வது என்பதில் ஒரே பதில் வேண்டும்.
- பிள்ளைகளையோ வயதானவர்களையோ யார் போய் அழைத்து வருவது என்பது முடிவாகியிருக்க வேண்டும்.
- மருந்தும் முக்கிய ஆவணங்களும் எங்கே இருக்கின்றன என்று இருவருக்கும் தெரிய வேண்டும்.
- மூன்று நாளுக்கான தண்ணீரும் உணவும் வைக்க ஓர் இடம் வேண்டும்.

முதல் நான்குக்குச் செலவு கிடையாது, இடமும் தேவையில்லை. தாமதமானால் உயிருக்கு ஆபத்தாகக் கூடியவையும் அவைதான். எரிவாயு வாடை அடித்தால் எந்த மின் ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறிய பிறகுதான் போனை எடுக்க வேண்டும் என்பது தெரிந்த ஒருவர், பரண் நிறைய பொருள் சேர்த்து வைத்திருப்பவரை விடத் தயாரானவர். வெளியூர் ஆள் எதற்கு என்று கேட்பார்கள். ஒரு பகுதி பாதிக்கப்படும்போது அங்கே எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வதால் இணைப்பு கிடைக்காமல் போகும். அப்போதும் ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்துவிட வாய்ப்பு அதிகம். இருவரும் அந்த ஒருவருக்கே செய்தி அனுப்பினால் அவர் வழியாக ஒருவர் நிலை மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

"மூணு நாள் கணக்கு யார் சொன்னது?" என்ற கேள்வியும் வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் வெளியிட்ட தயார்நிலைத் திட்டம், வெளி உதவி இல்லாமல் 72 மணி நேரம் சமாளிக்கும்படி குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. ஸ்வீடன் அரசு 2024 நவம்பரில் வீடு வீடாக அனுப்பத் தொடங்கிய கையேடு ஒரு வாரம் என்கிறது. இந்தத் தகவலைக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காதபோது சொன்னால் வாதத்துக்கு ஆள் சேர்ப்பது போல ஆகிவிடும்.

படி 2: தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எல்லாத் தயக்கத்துக்கும் ஒரே மருந்து கிடையாது. பேசத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அதனால்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிரித்தே தட்டிக்கழிப்பவரை "அலட்சியம்" என்று முடிவு கட்டிவிடுவோம். பல நேரம் அது பயம். 1992-இல் கிம் விட் என்ற ஆய்வாளர் முன்வைத்த ஒரு கோட்பாடு இங்கே உதவும். ஆபத்து பெரிது, ஆனால் அதற்கு எதிராகத் தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் ஆபத்தைக் குறைக்க முயல மாட்டார், தன் பயத்தைக் குறைக்கத்தான் முயல்வார். பேச்சை மாற்றுவது, கேலி செய்வது, "மிகைப்படுத்துறாங்க" என்பது எல்லாம் அந்த வகை. இப்படிப்பட்டவருக்கு வெள்ளத்தின் வீடியோவையும் நிலநடுக்கப் படத்தையும் அனுப்ப அனுப்ப இன்னும் விலகித்தான் போவார். அவருக்குத் தேவை, பத்து நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலை.

இன்னொரு வகை: "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது." கெட்டது மற்றவர்களை விடத் தனக்கு நடக்கும் வாய்ப்பு குறைவு என்று மனிதர்கள் நினைத்துக்கொள்வதை நீல் வைன்ஸ்டைன் 1980-இலேயே ஆய்வு செய்து எழுதினார். இது முட்டாள்தனமல்ல, எல்லோரிடமும் உள்ள சாய்வு. உங்களிடமும் இருக்கிறது, வேறு ஏதோ ஒரு விஷயத்தில். புள்ளிவிவரத்தால் இதை உடைக்க முடியாது. நடப்பதற்கு வாய்ப்பு குறைவான பேரிடரை விட்டுவிட்டு, ஏற்கெனவே நடந்த சிறு தொல்லையைப் பேசினால் இந்தச் சாய்வு குறுக்கே வராது.

பணம், இடம் என்று நேரடியாகச் சொல்பவர்கள் சுலபமானவர்கள். அவர்கள் பயப்படுவது செலவை விட, அது எங்கே போய் நிற்கும் என்பது தெரியாததைத்தான். அதற்குப் படி 5 இருக்கிறது.

வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்று உண்டு: வேலைச்சுமை. வீட்டு வேலையில் பெரும்பங்கைத் தூக்கிக்கொண்டிருப்பவருக்கு, "அவசரகாலப் பெட்டி" என்ற சொல் "தேதி பார்க்க, துடைக்க, அடுக்க இன்னொரு அலமாரி" என்றுதான் காதில் விழும். யோசனை உங்களுடையது, உழைப்பு அவருடையது என்றால் அவர் மறுப்பதுதான் நியாயம்.

இன்னும் சிலர், தாங்கள் முடிவெடுக்காத எதற்கும் முரண்டு பிடிப்பார்கள். தன் சுதந்திரம் பறிக்கப்படுவதாக உணரும் மனிதர், பறிக்கப்பட்டதை மீட்கவே எதிர்த்திசையில் போவார் என்று 1966-இல் ஜாக் பிரெம் விளக்கினார். ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் பிறகு அறிவிப்பவர்கள் இந்த எதிர்ப்பைத் தாங்களே உண்டாக்குகிறார்கள்.

ஏற்கெனவே பேரிடரைப் பார்த்தவர்களும் உண்டு. "நாங்க எத்தனையோ பார்த்தாச்சு" என்பவரிடம் பாடம் எடுக்காதீர்கள். அப்போது எது கை கொடுத்தது, எது இல்லாமல் தவித்தீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பட்டியலை விட நல்ல பட்டியல் கிடைக்கலாம்.

கடைசியாக, அவர் சொல்வது சரியாக இருக்கவும் கூடும். கடன் இருக்கும்போதே பொருள் சேர்ப்பது, இரவெல்லாம் பேரிடர்ச் செய்தி பார்ப்பது, பிள்ளைகள் முன்னால் ஓயாமல் அதையே பேசுவது இவையெல்லாம் தயார்நிலையாகாது. அப்படியானால் முதலில் குறைக்க வேண்டியவர் நீங்கள்.

படி 3: பேசுவதை விடக் கேளுங்கள்

பெரிய பேரிடர்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும் இரவில் பேச்சை எடுக்காதீர்கள். பயமும் அலுப்பும் சேர்ந்திருக்கும் நேரம் அது. சண்டை முடிந்த கையோடும் வேண்டாம். சின்ன மின்தடையோ தண்ணீர்த் தட்டுப்பாடோ முடிந்து, எல்லோரும் மூச்சு விட்டிருக்கும் அடுத்த நாள்தான் நல்ல நேரம்.

தொடக்க வாக்கியம் முக்கியம். "உனக்குக் குடும்பத்தைப் பத்தி அக்கறையே இல்ல" என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் நடப்பது பேச்சல்ல, வழக்கு. உங்கள் நிலையைச் சொல்லித் தொடங்குங்கள்: "நேத்து கரண்ட் போனப்ப டார்ச் எங்கன்னு தெரியாம நான் தடுமாறிட்டேன். ராத்திரி தூக்கமே வரல. நாம ரெண்டு பேரும் ஒரு இருபது நிமிஷம் உக்காந்து பேசலாமா?"

பிறகு கேள்வி. குடிப்பழக்கத்திலிருந்து மீள வந்தவர்களோடு பேசும்போது வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் கண்டறிந்து 1983-இல் எழுதிய ஓர் அணுகுமுறை உண்டு. மாறச் சொல்லி நாம் வாதாடினால், எதிரிலிருப்பவர் மாறாமல் இருப்பதற்கான காரணங்களைத் தேடிச் சொல்வார். அவர் வாயாலேயே காரணம் வரும்படி கேட்டால்தான் நகர்வார். அதில் வளர்ந்த ஒரு கேள்வி நம் வேலைக்கு அப்படியே பொருந்தும்:

"0-லேர்ந்து 10 வரைக்கும் மார்க் போட்டா, ரெண்டு மூணு நாள் கரண்ட்டும் தண்ணியும் இல்லாம சமாளிக்க நம்ம வீடு தயாரா இருக்கறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"மூணு."

"ஜீரோன்னு சொல்லலையே, ஏன் மூணு?"

"அம்மாவோட மாத்திரை ஒரு நாள்கூட விடக் கூடாது. அதுக்குத்தான்."

"சரிங்க, அப்ப மாத்திரையை மட்டும் முதல்ல பார்ப்போமா?"

"ஏன் மூணுதான், ஏன் எட்டு இல்ல?" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தயார்நிலை ஏன் வீண் என்று அவர் ஐந்து காரணம் அடுக்கியிருப்பார், தானே சொன்னதால் அவற்றை இன்னும் உறுதியாக நம்பவும் தொடங்கியிருப்பார். "ஜீரோ" என்றே பதில் வந்தாலும் பரவாயில்லை. "எது நடந்தா அது ஒண்ணு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

முதல் பேச்சில் ஒரே ஒரு முடிவு கிடைத்தால் போதும். இருபது நிமிடம் என்றால் இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், உற்சாகம் பொங்கிக்கொண்டிருந்தாலும் சரி. அடுத்த முறை உட்காரச் சொல்லும்போது அவர் வருவதற்கு அதுதான் உத்தரவாதம்.

படி 4: அவரைத் தொந்தரவு செய்ததிலிருந்து தொடங்குங்கள்

உங்களுக்குப் பெரிய பயம் நிலநடுக்கமாக இருக்கலாம். அவருக்கு எரிச்சல், சார்ஜ் இல்லாத போன். தொடங்க வேண்டியது போனில்தான். ஒரு பவர் பேங்க், படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், வாலட்டில் கொஞ்சம் சில்லறை நோட்டு: இவை எந்தப் பேரிடருக்கும் பொது.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் பட்டப்பகலில் ஒரே நேரத்தில் இருண்டன. போரும் இல்லை, புயலும் இல்லை. ரயில்கள் நடுவழியில் நின்றன, சிக்னல்கள் அணைந்தன, போன் இணைப்பு பல இடங்களில் அறுந்தது, கார்டில் பணம் செலுத்த முடியவில்லை. மறுநாள் காலைக்குள் மின்சாரம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. அன்று மக்களுக்குத் தேவைப்பட்டவை டார்ச், பேட்டரி ரேடியோ, கையில் ரொக்கம், குடிநீர். "உலகம் அழியப் போகுதா" என்று கேட்பவரிடம் சொல்ல ஏற்ற உதாரணம் இது, ஏனென்றால் உலகம் அழியவில்லை.

சிறியதில் தொடங்குவதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. 1966-இல் ஃப்ரீட்மேன், ஃப்ரேஸர் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். கவனமாக வண்டி ஓட்டச் சொல்லும் பெரிய, அழகற்ற பலகையை வீட்டு முற்றத்தில் நட அனுமதி கேட்டபோது, நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 17 சதவீதம் பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். அதே கருத்துள்ள சின்னஞ்சிறு அட்டையை முன்பே வைத்துக்கொண்டவர்களில் 76 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் விளைவு இவ்வளவு பெரிதாக இல்லை, ஆனால் திசை அதுவேதான். ஒரு கூட்டல்: சின்ன வேலை முடிந்ததும் உடனே அடுத்ததை நீட்டாதீர்கள். அந்த டார்ச் ஒரு முறையாவது பயன்படட்டும்.

படி 5: பணத்துக்கும் இடத்துக்கும் எல்லை போடுங்கள்

மாதம் இவ்வளவு, அதற்கு மேல் ஒரு காசும் கிடையாது என்று இருவரும் சேர்ந்து ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும். இடத்துக்கும் அப்படியே: ஒரு அலமாரித் தட்டு, கட்டிலுக்கு அடியில் ஒரு பகுதி, அவ்வளவுதான். எல்லை போட்டதும் தயக்கம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறையும்.

கணக்கைக் கண் முன் வையுங்கள். குடிக்க, சமைக்க, அத்தியாவசியச் சுத்தத்துக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர் தண்ணீர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். அதாவது 48 கிலோ எடை, எனவே பரணில் ஏற்றாமல் தரையில் வையுங்கள். ஒரே நாளில் வாங்கவும் தேவையில்லை.

உணவுக்கு ஜப்பானிய அரசு மக்களிடம் பரிந்துரைக்கும் முறையே எளிது. அதற்கு ரோலிங் ஸ்டாக் என்று பெயர். தனியாக "அவசர உணவு" வாங்குவதில்லை. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும், கெடாத பொருளைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் எடுத்துப் பயன்படுத்தி, தீர்ந்ததை நிரப்பிக்கொண்டே போவது. எதுவும் வீணாகாது, தேதி பார்க்கத் தனி வேலையும் கிடையாது. பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர், வேலையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் இருவருக்கும் இது ஒரே பதில்.

ரகசியமாக வாங்கி ஒளித்து வைக்க வேண்டாம். கண்டுபிடிக்கப்படும்போது பேச்சு தயார்நிலையிலிருந்து நம்பிக்கைத் துரோகத்துக்கு மாறிவிடும், அங்கிருந்து திரும்பி வர நாளாகும்.

படி 6: ஒரு துறையை முழுதாக ஒப்படைத்துவிடுங்கள்

"உதவி செய்" என்பதை விட "இது உன் பொறுப்பு, எப்படிச் செய்வது என்பது உன் இஷ்டம்" என்பது வேலை செய்யும். அவருக்கு ஏற்கெனவே எதில் கை இருக்கிறதோ அதைக் கொடுங்கள். கருவிகளில் ஆர்வம் உள்ளவர் விளக்கு, பேட்டரி, ரேடியோவைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆவண விஷயத்தில் கறாரானவர் அடையாள அட்டை, இன்சூரன்ஸ், மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நீர் புகாத உறையில் போடட்டும். வளர்ப்புப் பிராணியிடம் உயிரையே வைத்திருப்பவருக்கு அதன் உணவும் கூண்டும். தனக்கு நம்பிக்கை இல்லாத திட்டத்திலும், தன் நாய்க்கு இடமுண்டு என்றால் மனிதர்கள் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஒப்படைத்த பிறகு திருத்தாதீர்கள். அவர் வாங்கிய டார்ச் நீங்கள் தேர்ந்தெடுத்த ரகம் இல்லையா? இருக்கட்டும். ஆபத்தான தவறு என்றால் மட்டும் வாய் திறங்கள். ஜெனரேட்டர் அதில் ஒன்று. அதை வீட்டுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ ஓட்டவே கூடாது, வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி வைக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். கரி அடுப்பை அறைக்குள் எரிப்பதும் அதே ஆபத்துதான்.

படி 7: ஒரு மாலை ஒத்திகை

திட்டம் தாளில் இருக்கும்வரை ஓட்டை தெரியாது. ஒரு விடுமுறை நாள் மாலை, மூன்று நான்கு மணி நேரம் மின்சாரமும் வைஃபையும் இல்லாமல் இருந்து பாருங்கள். உபதேசம் வேண்டாம், விளையாட்டாக நடக்கட்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களே நடத்திவிடுவார்கள்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். மூடியே வைத்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி காக்கும். நிறைந்த ஃபிரீஸர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு மெயின் ஸ்விட்ச் வரை போய் வரச் சொல்லுங்கள். வால்வுகளைக் காட்டுங்கள், ஆனால் குழாய் வழி எரிவாயு இணைப்பின் பிரதான வால்வை ஒத்திகைக்காக மூட வேண்டாம். ஒரு முறை மூடினால் மீண்டும் திறப்பதை நிறுவன ஊழியரிடம் விடுவதே பாதுகாப்பு.

முடிந்ததும் துணையிடம் ஒரே கேள்வி: "எது இல்லாம கஷ்டமா இருந்தது?" அடுத்து வாங்க வேண்டியது அவர் சொல்வதுதான், அது உங்கள் பட்டியலில் இருபதாவது இடத்தில் இருந்தாலும்.

படி 8: கடைசிவரை மறுத்தால்

சிலர் அசைய மாட்டார்கள். அப்போதும் தனியாகச் செய்யக் கூடியது நிறைய இருக்கிறது: உங்கள் சொந்தச் செலவுப் பணத்துக்குள் மூன்று நாள் இருப்பு, முதலுதவிப் பயிற்சி, ஆவண நகல், புகை எச்சரிக்கைக் கருவிக்குப் புது பேட்டரி. எதையும் மறைக்காமல், எதற்கும் அனுமதி கேட்டு நிற்காமல் செய்யுங்கள். படி 1-இன் முதல் நான்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "நீங்க இதை நம்ப வேண்டாம். எனக்காக அஞ்சு நிமிஷம் வந்து வால்வை மட்டும் பாத்துட்டுப் போங்க" என்றால் மறுப்பவர்கள் குறைவு.

பேரிடர் வந்து நீங்கள் சொன்னது பலித்துவிட்டால், "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை விழுங்கிவிடுங்கள். டார்ச்சை அவர் கையில் கொடுங்கள்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். மறக்காத இரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுங்கள், திருமண நாளும் ஒரு பிறந்த நாளும் போல. ஜப்பானில் 1960 முதல் செப்டம்பர் 1 பேரிடர்த் தடுப்பு நாள். 1923-இல் பெருநிலநடுக்கம் நடந்த தேதி அது. அன்று பயிற்சி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் யாரும் யாரையும் நச்சரிக்க வேண்டியிருப்பதில்லை.

அன்று மருந்தின் காலாவதித் தேதி, பேட்டரி, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட உடை, மாறிப்போன போன் எண்கள் ஆகியவற்றைப் பாருங்கள். எண்களைக் காகிதத்தில் எழுதி ஆளுக்கொரு சீட்டாகப் பர்ஸில் வைக்க வேண்டும், ஏனென்றால் போன் அணைந்துவிட்டால் துணையின் எண் பலருக்கும் நினைவிலிருந்து வராது. ஓர் எண் மாறினால் இரண்டு சீட்டுகளையும் கிழித்துவிட்டு, இரண்டையும் புதிதாக எழுதுங்கள். ஒன்றை மட்டும் திருத்தி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.